உட்காரும் வேலை

“உனக்கு உக்காரத் தெரியுமா?” என்று சகலை கேட்டபோது, நக்கல் பண்ணுகிறான் என்றுதான் இவன் நினைத்தான். நக்கல் இல்லை. வேலையே அதுதான்.

இந்த நாட்டில் வந்து இறங்கியதிலிருந்து இவன் ஏறாத கிடங்கு இல்லை. ஊர் மார்க்கெட்டில் லோடுமேனாக மூட்டை சுமந்து காய்த்துப்போன தோளை இங்கே ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. “மிஷின் ஓட்டுவியா? லைசென்ஸ் இருக்கா?” போன இடமெல்லாம் இதே கேள்வி. இந்த ஊரில் மூட்டையை மனுஷன் தொடுவதில்லை, இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிய வண்டிதான் தொடுகிறது. அந்த வண்டியைத்தான் சகலை ஓட்டுகிறான். அவன் வீட்டு ஹாலில்தான் இவனும் மனைவியும் படுக்கிறார்கள். சகலையின் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பாயைச் சுருட்டியாக வேண்டும். மனைவியின் அக்கா இப்போதெல்லாம் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறாள்.

“எங்க கம்பெனி கேட்ல ஆள் வேணும். கண்ணாடி ரூம், சேர், முன்னால கேமரா டிவி. வண்டி வந்தா நம்பரைப் பாரு, பட்டனை அமுக்கு, தடுப்பு தூக்கும். ஒரு நாள் வச்சுப் பார்ப்பாங்க.”

“மீதி நேரம்?”

“உக்காந்திரு.”

“உக்காந்துகிட்டு?”

“உக்காந்துகிட்டு உக்காந்திரு, யப்பா! என் பேரைக் கெடுத்துடாதே.”

கேட் ரூம் நாற்காலிக்குக் காலில் சக்கரம். அவன் மூச்சு விட்டால்கூட நகர்ந்தது. முள் மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து டிவியைப் பார்த்தான். சூப்பர்வைசர் பெண்ணின் பூட்ஸ் சத்தம் கேட்டதுதான் தாமதம், துள்ளி எழுந்து மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டான்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் தமிழ் பேசுவாள். “அங்கிள், பெருக்க ஆள் இருக்கு. உக்காருங்க.”

அடுத்த தடவை வந்தபோது சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உக்காருங்க அங்கிள்!”

உட்கார்ந்தான். முழங்கால் தானாக ஆடியது. ஊர் மார்க்கெட்டில் மேஸ்திரி நிழல் விழும்போது எவன் குத்தவைத்திருக்கிறானோ அவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவனைக்கூட மேஸ்திரி விட்டதில்லை. அந்தப் பயம் புத்தியில் இல்லை, முட்டியில் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஒரு லாரி வந்து, உள்ளே திரும்பும்போது கதவு திறந்துகொண்டு பெட்டிகள் கொட்டின. டிரைவர் இடுப்பில் கை வைத்து நின்றான். சகலையின் மிஷினையும் காணோம். இவன் கை பரபரத்தது. அவ்வளவுதான், வெளியே ஓடி இரண்டு பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டான். வந்த நாளிலிருந்து உடம்பு இப்படி இளகியதே இல்லை. பெட்டி எல்லாம் அடுக்கி முடித்துத் திரும்பினால், தடுப்புக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி ஹாரனைப் பிழிந்துகொண்டிருந்தன. பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது சூப்பர்வைசர்.

“தூக்குறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்கு, அங்கிள். உக்காரத்தான் இல்ல.”

“சும்மா இருந்து சம்பளம் வாங்கக் கூசுது மேடம்.”

அது பொய். கூச்சமில்லை, பயம். அதை எப்படிச் சொல்வது?

அவள் கடைசி வண்டியையும் அனுப்பினாள். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்க்குறேன். சேரை விட்டு எழுந்தீங்கன்னா அப்படியே வீட்டுக்கு நடந்துடுங்க.”

வீட்டில் சகலை தலையில் அடித்துக்கொண்டான். “ஊரே உக்கார இடம் தேடி அலையுது. இவருக்கு உக்காரச் சொன்னா உடம்பு எரியுது!”

“விடுங்க அத்தான், நான் பழக்குறேன்” என்றாள் மனைவி. சமையலறை நாற்காலியை ஹால் நடுவில் போட்டு அவனை உட்கார வைத்தாள். வேண்டுமென்றே தட்டைக் கீழே போட்டாள். எழுந்தான். “உக்காருங்க.” குடத்தைத் தூக்க முடியாத மாதிரி முனகினாள். மறுபடி எழுந்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் குனிந்து, அக்காவுக்குக் கேட்காமல் சொன்னாள்: “தனியா ஒரு ரூம் வேணுங்க எனக்கு. கதவு சாத்துற மாதிரி.”

மறுநாள் நாற்காலிக் கையைப் பிடித்தவன் விடவில்லை. பட்டன் அமுக்க ஒரு விரல் போதும். பூட்ஸ் வந்தது, போனது. எழவில்லை. சகலை மிஷினிலிருந்து ஒரு சாக்கு நழுவிக் கண்ணெதிரே கிழிந்து கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தான். சகலையும் இவனைப் பார்த்து, கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றான்.

மத்தியானம் சூப்பர்வைசர் ஓர் இளவட்டத்தோடு வந்தாள். “மாத்திவிட ஆள் வந்தாச்சு அங்கிள். போய்ச் சாப்பிட்டு வாங்க.”

இவன் அசையவில்லை. இதுவும் சோதனையாக இருந்தால்?

“அங்கிள்?”

“பரவாயில்ல மேடம். பசிக்கல.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையிலிருந்த நீலச் சட்டையை மேஜை மேல் வைத்தாள். அதன் பையில் கம்பெனி பெயர் தைத்திருந்தது. “சைஸ் சரியா இருக்கான்னு போட்டுப் பார்க்கணும். அதுக்கு எழுந்துதானே ஆகணும்?”

எழுந்தான். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. மூட்டையோடு லாரிக்குப் போட்ட பலகைமேல் நடந்தவன், வெறும் உடம்பைத் தூக்க மாட்டாமல் மேஜையைப் பிடித்துத் தொங்கினான். இளவட்டம் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்தான்.

“என்ன அண்ணே, ஒரே வேளையில இப்படிக் களைச்சுட்டீங்க?”

“ஆமா தம்பி” என்றான். “இவ்வளவு பாரம் நான் தூக்கினதே இல்ல.”