என் தோளுக்கு அறுத்த கட்டை

சட்டம் வந்த வாரத்தில் எங்கள் ஊரில் வீராவேசமாகப் பேசாத ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. தோளில் பதிகிற பின்கட்டையை நீட்டவும் சுருக்கவும் முடிகிற ரைஃபிள் வைத்திருந்தால், ஒன்று பதிவு செய், இல்லையென்றால் கட்டையை மாற்று. மாநிலத் தலைநகரத்தில் சொன்னது அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களுக்கு எங்கள் அடிரண்டாக் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா என்பது சந்தேகம். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆனால் என் அண்ணன் வெண்டெல் கோபப்பட்ட விதம் வேறு. "கையெழுத்தும் போடமாட்டேன், ஒரு திருகாணியும் கழட்டமாட்டேன். என்ன பண்ணிடுவானுங்க?" என்று பெட்ரோல் பங்கில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். கத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் ரைஃபிளைப் போர்வையில் சுற்றி, நிலவறையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் இன்னும் பதினொரு பேர் அதையே செய்தார்கள். பன்னிரண்டு வீரர்களின் பன்னிரண்டு துப்பாக்கிகளும் இருட்டில் படுத்துத் தூங்கின.

பைன் ஹாலோ துப்பாக்கிச் சங்கத்தின் மைதானத்துக்கு அவற்றைக் கொண்டுவர முடியாது. வருடா வருடம் ஜூலையில் நடக்கும் சுடும் போட்டியன்று ஷெரீஃபின் ஆள் ஒருவர் வந்து உப்பு உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். அவர் கண்ணெதிரே சட்டத்துக்கு ஒவ்வாத துப்பாக்கியைத் தூக்கினால் சங்கத்தையே இழுத்து மூட வேண்டியிருக்கும்.

எனக்கு அந்த ஜூலைப் போட்டி வேண்டும். சங்கத்துக் கூடத்தில் ஒரு பலகை தொங்குகிறது. நாற்பத்தொரு வருடமாக ஜெயித்தவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைப் பெயின்டில் வரிசையாக இருக்கின்றன. நாற்பத்தொன்றும் ஆண்கள். போன வருடம் நான் இரண்டே புள்ளியில் தோற்றேன். தோற்கடித்தவன் வெண்டெல். அன்றிலிருந்து பள்ளிப் பேருந்து ஓட்டும்போதும் சரி, பாத்திரம் தேய்க்கும்போதும் சரி, அந்தப் பலகைதான் என் கண் முன்னால் நின்றது.

மற்றவர்களைப் போல வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என்னிடம் அது கிடையாது. இரண்டு கோடை விடுமுறை முழுக்கச் சிறுவர் முகாம் பேருந்து ஓட்டி வாங்கிய இந்த ஒரு ரைஃபிள்தான் உண்டு. சட்டம் முகம் சுளித்த மற்ற எதுவும் அதில் இல்லை. பின்கட்டை ஒன்றுதான் குற்றவாளி.

"கட்டையை மாத்தப் போறேன்," என்று வெண்டெலிடம் சொன்னேன்.

"மண்டி போடப் போறேன்னு சொல்லு."

"மண்டி போடறது நீ. ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு தேடறியே, அதுக்குப் பேரு என்ன?"

"நான் வளைஞ்சு குடுக்கல, லோர்னா. அவனுங்க சொன்னாங்கன்னு நீ வளையற."

"உன்னோடது போர்வைக்குள்ள தூங்கட்டும். என்னோடது ஜூலைல வெளியில வெயில் காயும். யாரு வளைஞ்சாங்கன்னு அப்பப் பாத்துக்கலாம்."

அவன் காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனான்.

மார்ச் மாதம் புதுக் கட்டை தபாலில் வந்தது. வால்நட் மரம், நல்ல இழை, தொட்டால் வழுவழுவென்றிருந்தது. ஆனால் செய்தவன் யாரோ ஆறடி ஆளை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். நான் ஐந்தடி ஒரு அங்குலம். ரைஃபிளில் மாட்டித் தோளில் வைத்துப் பார்த்தால் விசைக்கு விரல் எட்டவே இல்லை. பழைய கட்டையில் இந்தத் தொல்லை கிடையாது. கோடையில் சட்டையோடு சுடும்போது, நீளத்தை மாற்றுகிற பற்களில் இரண்டாவதில் நிறுத்துவேன், குளிரில் ஒரு பல் உள்ளே தள்ளுவேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். பனிக்கு டயர் மாற்றுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை, யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை.

புதுக் கட்டையோடு ரைஃபிளைப் பேருந்துப் பணிமனைக்கு எடுத்துப் போனேன். அங்கே மெக்கானிக்காக இருக்கும் மெர்ல்தான் சங்கத்தில் போட்டி நடத்துபவர். அவரிடம் நல்ல ரம்பம் இருந்தது. பணிமனைக் கதவு திறந்தே கிடக்கும், உள்ளே பேசினால் குளிருக்கு வாயிலிருந்து புகை வரும். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் எங்கே வருகிறதென்று மெர்ல் பென்சிலால் கோடு போட்டார். நான்கு முறை வைத்து எடுத்து அளந்து பார்த்தோம். நான்கு முறையும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வெண்டெல் வந்து நின்றான். மூக்கை நுழைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"அறுத்துட்டா அப்புறம் அது யாருக்கும் ஆகாது. விக்கக்கூட முடியாது," என்றான்.

"விக்கறதுக்கு நான் என்ன கடையா வெச்சிருக்கேன்? எனக்கு ஆனாப் போதும்."

"மெர்ல், நீங்களாவது சொல்லுங்க. குள்ளச்சிக்குன்னு நல்ல மரத்தைப் பாழாக்கறா."

மெர்ல் ரம்பத்தை என்னிடம் நீட்டினார். "அறுத்துட்டா ஒட்ட முடியாதும்மா. யோசிச்சுக்க."

யோசிக்க ஒன்றுமில்லை. ஐம்பத்தெட்டு வருடமாக எனக்கு அளவானது என்று இந்த ஊரில் எதுவும் இருந்ததில்லை. பேருந்து சீட்டில் தலையணை வைத்து உட்காருகிறேன். மழைக்கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொள்கிறேன். அண்ணனின் பழைய காலணியில் பஞ்சு அடைத்துப் போட்டு வளர்ந்தவள் நான். ரம்பத்தை வாங்கி நானே அறுத்தேன். துண்டு கீழே விழுந்ததும் மரவாசனை எழுந்தது, எனக்குச் சிரிப்பாக வந்தது. அறுத்த முனையில் ரப்பர் பட்டையைத் திருகி முடுக்கித் தோளில் ஏற்றினேன், விரல் தானாக விசையில் போய் உட்கார்ந்தது. அந்த ரைஃபிளை இனி நான் மட்டும்தான் சுட முடியும்.

ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் விடியற்காலைகளில் மைதானத்துக்குப் போய்ப் பழகினேன். குளிர் விடவில்லை, ஆனால் குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. பிறகு இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டைச் சரிசெய்ய வேண்டுமென்று மைதானத்தை ஏழு வாரம் மூடிவிட்டார்கள். அதனால் எனக்குக் கவலை இல்லை. ஜெயித்துவிட்டதாகவே மனதில் முடிவு கட்டியிருந்தேன்.

ஜூலை முதல் சனிக்கிழமை. ஃபாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்று மூன்று டிகிரி, எங்கள் ஊருக்கு அது அனல். கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஷெரீஃபின் ஆள் வந்து என் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு," என்று சொல்லி உருளைக்கிழங்குத் தட்டைத் தேடிப் போனார். வெண்டெல் பழைய வேட்டைத் துப்பாக்கியால் முதலிலேயே சுட்டு முடித்திருந்தான். நின்றபடி நூறு கஜத்தில் இருபது குண்டு, இருநூறுக்கு நூற்றெழுபத்தொன்பது. மற்ற யாரும் அவன் பக்கத்தில்கூட வரவில்லை.

கடைசியாக என் முறை வந்தது. கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டுகள் இரண்டு உண்டு. முதல் குண்டைச் சுட்டதும் என் கட்டைவிரலே என் மூக்கில் வந்து இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாவதிலும் அதேதான். மெர்ல் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஆறு. முன்னாடி போனது அஞ்சு. என்னம்மா ஆச்சு?"

துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கட்டையைப் பார்த்தேன். ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. மார்ச் மாதம் பணிமனையில் நின்றது கண்முன் வந்தது. மெர்ல் குளிர்கோட்டுப் போட்டிருந்தார், நானும் பஞ்சு வைத்த தடிக்கோட்டுப் போட்டிருந்தேன். அந்தத் தடிமனையும் சேர்த்தே அளந்து, அதற்கேற்றபடி அறுத்திருக்கிறோம், கையில்லாத சட்டைக்கு அந்த நீளம் போதவில்லை. பழகிய நாட்களிலும் அதே கோட்டுதான். பல்லைத் தள்ளிக்கொள்கிற பழக்கத்தில் இருந்த எங்கள் இரண்டு பேருக்குமே, புதுக் கட்டைக்கு இனி ஒரே பருவம்தான் என்பது தோன்றவில்லை.

மெர்லுக்கும் புரிந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெண்டெலுக்கு இன்னும் சீக்கிரமாகவே புரிந்தது.

"குளிர்கோட்டு மேல அளந்தீங்களா? ஐயோ கடவுளே! மண்டியும் போட்டு, மரத்தையும் கெடுத்து... சட்டத்துக்கு அடங்கினா இப்படித்தான் ஆகும்!"

பின்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கட்டைல ஒரு துணியைச் சுத்திக் கட்டிக்கிறியாம்மா?" என்று மெர்ல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம். கட்டினா நீளம் கூடுதுன்னு இதே வாய்ங்கதான் சட்டம் பேசும். எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"இருபத்தஞ்சு நிமிஷம். கடிகாரத்தை ஓட விட்டாச்சு."

நான் வண்டிக்கு நடந்தேன். எங்கள் ஊரில் யார் வண்டியிலும் சீட்டுக்குப் பின்னால் ஒரு குளிர்கோட்டு வருடம் முழுக்கக் கிடக்கும். என்னுடையதை உதறினேன். போன குளிர்காலத்தில் பனிக்குச் சாலையில் தூவிய உப்பும் நாய்முடியும் கொட்டின. கையை நுழைத்தேன், கழுத்துவரை ஜிப்பை இழுத்தேன். அந்த வெயிலில் அடுப்புக்குள் இறங்கிய மாதிரிதான் இருந்தது.

திரும்பி வந்தபோது சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. ஒருவன் பனி அள்ளும் வண்டி வருகிறது வழிவிடுங்கள் என்றான். வெண்டெல் தொடையைத் தட்டிக்கொண்டு, "கையுறையையும் போட்டுக்கோ!" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, வெயில் பாதி, அவன் பாதி.

தோளில் வைத்தேன். விரல் தானாக விசையில் போய் உட்கார்ந்தது.

"பத்து," என்றார் மெர்ல்.

அடுத்தது ஒன்பது. பிறகு ஒன்பது. பிறகு எட்டு, ஏனென்றால் வேர்வை இமையில் இறங்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். பத்தாவது குண்டில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பதினான்காவதில் காது அடைத்தது.

"மயக்கம் போட்டு விழுந்துடாதே. கோட்டைக் கொஞ்சம் திறந்து விடேன்," என்றார் மெர்ல்.

"திறந்தா அளவு மாறிடும். நீங்க எண்ணிக்கிட்டு இருங்க."

பின்னால் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு குண்டு முடிந்தது. நூற்று அறுபத்தொன்று. வெண்டெலைத் தாண்ட இரண்டு குண்டில் பத்தொன்பது வேண்டும். நிமிடங்கள் மூன்று இருந்தன.

"ஒன்பது."

கடைசிக் குண்டைப் போட்டுத் துப்பாக்கியைத் தூக்கினேன். இலக்கு ஆடியது, நான்தான் ஆடினேன். இறக்கினேன். மறுபடி தூக்கினேன். மூச்சை விட்டு, மிச்சத்தை நெஞ்சிலேயே நிறுத்தி, விரலை மெல்ல இழுத்தேன்.

மெர்ல் தொலைநோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லித் தொலைங்களேன்!"

"பத்தும்மா. நூற்றெண்பது."

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கோட்டைக் கழற்றச் சொல்லி நான்கு பக்கத்திலிருந்தும் கத்தினார்கள். நான் நேராகக் கூடத்துக்கு நடந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். போன வருடம் ஜெயித்தவன்தான் இந்த வருடம் ஜெயித்தவரின் பெயரைத் தன் கையால் பலகையில் எழுத வேண்டும். வெண்டெல் பெயின்ட் டப்பாவையும் மெல்லிய தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பலகையில் எல்லாம் முதலெழுத்தும் குடும்பப் பெயருமாகத்தான் இருக்கும். அவன் ஒரு எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கப் போனான்.

"நிறுத்து. முழுப் பேரையும் எழுது."

"இங்க யாரும் முழுப் பேர் எழுதினதில்ல, லோர்னா."

"நாற்பத்தொரு பேரும் ஆம்பிளைங்க. வெறும் எழுத்தைப் போட்டா, பாக்கறவன் என்னையும் ஆம்பிளைன்னு நெனச்சுட்டுப் போயிடுவான். எழுது."

அவன் மெர்லைப் பார்த்தான். மெர்ல் கூரையைப் பார்த்தார். வெண்டெல் தூரிகையை நனைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். சும்மா சொல்லக்கூடாது, என் அண்ணனுக்குக் கையெழுத்து அழகு. லோர்னா வ்ரூமன் என்று பலகையின் கடைசிவரை போயிற்று.

ஏணியிலிருந்து இறங்கியவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் முகம் சிவந்து, கோட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுதியாச்சு. இப்பவாவது அந்தக் கோட்டைக் கழட்டித் தொலையேன். செத்துடுவ."

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் பலகைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"பெயின்ட் காயட்டும்," என்றேன். "அப்புறம் கழட்டறேன்."