மின்சாரம் வராத வரைக்கும்

ரங்கூனில் மின்சாரம் போனால் திட்டாதவர்கள் கிடையாது. அந்த ஜனவரி மாதத்து நாளில் மட்டும், இன்று முழுக்க வராமலே போகட்டும் என்று ருக்சானா வேண்டிக்கொண்டாள்.

பசுந்தாங்கில், ஓடைக்குப் போகும் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்த மருத்துவமனை இருந்தது. காசநோய்க்கு மட்டும்தான் வைத்தியம். அதிலும் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத முரட்டுக் காசநோய்க்காரர்கள்தான் அதிகம். மருந்து, சம்பளம், வாடகை எல்லாம் அமெரிக்க உதவியில் ஓடியது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ருக்சானா ஏழெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு மாத்திரை விழுங்கினால் குமட்டும், யார் வீட்டுக்குத் தெரியாமல் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அன்று காலை அவள் உள்ளே நுழைந்தபோது டாக்டர் நிலார் இருட்டில் உட்கார்ந்திருந்தார். பர்மியப் பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டியவர். மரியாதைக்குரிய பெண்களை அழைக்கும் பர்மியச் சொல்லால், சயாமா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"கதவைச் சாத்திட்டு வா" என்றார் பர்மிய மொழியில். "ராத்திரி பாங்காக்கிலிருந்து போன் வந்தது. வாஷிங்டனில் புது அரசாங்கம் வெளிநாட்டு உதவியை எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்று மாதம் ஆராய்ந்து பார்ப்பார்களாம். மற்ற இடங்களுக்கெல்லாம் உத்தரவு போய்விட்டது. நமக்கு இன்று மெயிலில் வரும்."

"மருந்து கொடுக்கிறதையுமா சயாமா நிறுத்தணும்?"

"எல்லாவற்றையும். உத்தரவு கிடைத்த நிமிடத்திலிருந்து இங்கிருந்து ஒரு பஞ்சுகூட வெளியே போகக் கூடாது. மீறினால் நம் அமைப்பின் பெயரையே அடித்துவிடுவார்கள். நாளைக்கே மனசு மாறி உதவியைத் திறந்துவிட்டாலும் நமக்குக் கிடைக்காது."

ருக்சானா மருந்தறையைத் திரும்பிப் பார்த்தாள். போன வாரம்தான் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அலமாரி கொள்ளாமல் தரையிலும் பெட்டிகள். இந்த மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். அப்புறம் எதற்கும் மசியாது.

"மெயில் வந்துடுச்சா சயாமா?"

டாக்டர் மேசையிலிருந்த மடிக்கணினியைக் காட்டினார். "விடிகாலையே கரண்ட் போய்விட்டது. இதில் சார்ஜ் இல்லை. இது திறந்தால்தான் ஆபீஸ் மெயில் திறக்கும்." தன் கைப்பேசியை எடுத்து அணைத்தார். "இதிலும் இல்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெயிலைத் திறக்காத வரைக்கும் உத்தரவு கிடைக்கவில்லை.

ருக்சானா வெளியே ஓடினாள். காவலாளி ஷம்சுதீன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, அதை விடுங்க! இன்னைக்கு ஜெனரேட்டர் போட வேணாம்."

"ஏன் தங்கச்சி?"

அவள் சொன்னாள். ஷம்சுதீன் டீசல் கேனை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். காலையும் மாலையும் டீக்கடையில் உலக அரசியலை அலசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"உக்ரைன்ல ஒரு சண்டை, காசாவுல ஒரு சண்டை, அந்தப் பக்கம் சீனாக்காரனோட மல்லுக்கட்டு. சீனாக்காரன் இங்க காலு ஊணிடக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் அமெரிக்காக்காரன் மருந்து அனுப்புனான்? இப்ப இதுனால நமக்கென்ன லாபம்ங்கிறான். அவன் கணக்கு அவனுக்கு. இருமுறவனுக்கு என்ன பதிலு?"

"பதில அப்புறம் தேடலாம் நானா. ஆளுங்கள கூப்பிடணும்."

கைவசம் இருந்த கைப்பேசிகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்போன் கோபுரங்களுக்கே மின்சாரம் இல்லாததால் பாதி அழைப்புகள் போய்ச் சேரவில்லை. கிடைத்தவர்களிடம் காரணம் எதுவும் சொல்லாமல், உடனே வாங்க, பை கொண்டாங்க என்று மட்டும் சொன்னார்கள்.

வந்தார்கள். சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவர் மிதித்துக்கொண்டே வந்தார். மீன் சந்தையிலிருந்து ஒரு பெண் செதிலோடு வந்தாள். ராணுவ ஆட்சியில் கூட்டம் சேர்ந்தால் வம்பு. ராணுவ வண்டி ஒன்று தெருமுனையைக் கடந்தால் போதும். அதனால் ஷம்சுதீன் வாசலில் நின்று ஆட்களைப் பிரித்து அனுப்பினார். நாலு பேர் டீக்கடையில், மூன்று பேர் பஸ் நிறுத்தத்தில், ஒரு கிழவர் வெற்றிலைக் கடையோரம். ஒருவர் வெளியே வந்தால் அவர் கண்ணைக் காட்டுவார். அடுத்தவர் உள்ளே போவார்.

ருக்சானா ஜன்னல் வெளிச்சத்தில் மருந்தை எண்ணி எண்ணிப் பையில் போட்டாள். ஒவ்வொருவருக்கும் சிகிச்சை முடியும்வரைக்குமான மருந்து. "விரல் மரத்துப்போனாலோ, கண்ணு மங்குனாலோ என் போனுக்குப் பேசுங்க. ஆபீஸ் போனுக்கு வேணாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். தெருவில் எங்கேனும் ஒரு குரல் உயர்ந்தால் அவள் கை நின்றுவிடும். மின்சாரம் வந்தால் தெருப்பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்துவார்கள். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். மற்ற நாளில் அந்தக் கூச்சலைக் கேட்டால் அவளும்கூடச் சிரிப்பாள்.

நண்பகலுக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்து போய்விட்டார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இன்னொருவன் பிரேம்நாத். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன், இருபத்தைந்து வயதிருக்கும். மூன்று மாதச் சிகிச்சை முடித்து, இப்போதுதான் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவன் கைப்பேசி அணைந்தே கிடந்தது.

"அவனுக்கு விட்டுப்போனா அவ்வளவுதான் சயாமா. நான் போய்க் கொடுத்துட்டு வர்றேன்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முறைப்படி கரண்ட் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நீ திரும்புவதற்குள் வந்துவிட்டால்?"

ருக்சானா அதற்குள் மருந்தை எண்ணத் தொடங்கியிருந்தாள். மருந்தைத் துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு கட்டு கீரையை வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பகோ ஆற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. பாலத்து முனையில் சிப்பாய்கள் ஏறி அடையாள அட்டை கேட்டார்கள். ஒருவன் பையைத் தொட்டுப் பார்த்தான். கீரை ஈரம் கையில் பட்டதும் விட்டுவிட்டான். அவள் மூச்சுவிட்டது பக்கத்து இருக்கைக்காரிக்கே கேட்டிருக்கும்.

தன்லியினில் இறங்கியதும் டீக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இங்கே கரண்ட் இருக்கிறது. அங்கேயும் வந்துவிட்டதா? டாக்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைத்த கைப்பேசி எப்படி எடுக்கும்? உத்தரவு வந்துவிட்டதென்றால் இந்தப் பையில் இருப்பது தொடக்கூடாத பொருள். நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு, தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டும் என்று நடந்தாள்.

பிரேம்நாத்தின் அம்மா பவுனம்மாள் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தாள்.

"அவன் இல்ல. ஊருக்குப் போயிட்டான்."

"எந்த ஊருக்கும்மா?"

"தெரியாது."

"அம்மா, நான் பசுந்தாங் ஆஸ்பத்திரி ருக்சானா. மருந்து கொண்டாந்திருக்கேன்."

பவுனம்மாள் அவள் முகத்தையும் கீரைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "சயாமாவா! நான் வார்டு ஆபீஸ்லேருந்து அனுப்புன பொம்பளன்னு நெனச்சிட்டேன். பட்டாளத்துக்குப் பையனுங்கள எடுக்கிறானுங்க. நோயாளின்னு சீட்டு காட்டுனா விட்டுருவாங்களாம். யாரு நம்புறது? அதான் போனையும் அமத்திட்டு ஒளிஞ்சு கெடக்கான்."

பக்கத்துக் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால், பாத்திரம் அடுக்கும் அறையில் அவன் இருந்தான். பெரிய அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய். ருக்சானாவைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் பையைத் திறந்து காட்டினாள். மருந்துப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டான்:

"நாலு நாளைக்குத்தான் கையில் மருந்து இருந்தது. எப்படி வெளியே வருவதென்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் அவள். "கரண்ட் இல்ல. அதனால வந்தேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பவுனம்மாள் அந்தக் கீரையைத் திருப்பித் தரவேயில்லை. கூடவே ஒரு பொட்டலம் முறுக்கைத் திணித்தாள்.

ருக்சானா திரும்பி வந்தபோது பசுந்தாங் தெருவெங்கும் வெளிச்சம். கடைகளில் மின்விசிறி சுற்றியது, ஒரு வீட்டில் பாட்டு அலறியது. எப்போதோ வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது.

ஆனால் மருத்துவமனைக்குள் இருட்டு. டாக்டர் நிலார் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஷம்சுதீன் மெயின் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, அதை ஒளித்துவைத்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"நானா, தெருவுல கரண்ட் இருக்கே?"

"தெருவுல இருக்கும் தங்கச்சி. இங்க மெயின் கெட்டுப்போச்சு."

"எப்படி?"

"நான்தான் கீழ இழுத்து விட்டேன். அதுலேருந்து கெட்டுத்தான் கெடக்கு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ருக்சானா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கொடுத்தாச்சா?" என்றார் டாக்டர்.

"கொடுத்தாச்சு சயாமா."

"அப்படியானால் மெயினை ரிப்பேர் செய்யுங்கள், ஷம்சுதீன்."

விளக்கு எரிந்தது. மடிக்கணினி உயிர் பெற்றது. உத்தரவு வந்து காத்திருந்தது. டாக்டர் சத்தமாகப் படித்தார். கிடைத்த நிமிடத்திலிருந்து என்றுதான் அதிலும் இருந்தது. கிடைத்தது என்று பதில் எழுதினார். மூவருமாகச் சேர்ந்து மருந்தறையைப் பூட்டி, அரக்கு வைத்தார்கள். உள்ளே அதிகம் எதுவும் இல்லை.

மருத்துவமனை அப்புறம் திறக்கவில்லை. மார்ச்சில் நிலநடுக்கம் வந்தது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மீட்புப் படைகள் வந்து இறங்கின. ஷம்சுதீனுக்கு டீக்கடையில் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை. டாக்டர் தன் வீட்டு முன்னறையில் பழைய நோயாளிகளைப் பார்த்தார். ருக்சானாவுக்கு நகரின் லத்தா பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. கண்டுபிடிக்க முடியாத அந்த இரண்டு பேரை அவள் சில நாள் நினைத்துக்கொள்வாள். தேடியும் பார்த்தாள், கிடைக்கவில்லை.

மே மாதம் ஒரு நாள், கடையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கையில் பவுனம்மாள் போனில் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமா சொல்லுங்க!"

"சளிய சோதிச்சுப் பாத்தாங்க சயாமா! பூச்சியே இல்லையாம்! ஒண்ணுகூட இல்லையாம்! எல்லை தாண்டி அவங்க மாமா கூட வேலைக்குப் போயிட்டான், அங்கதான் பாத்தாங்களாம். இப்பத்தான் போன்ல சொன்னான்."

ருக்சானா மருந்துச் சீட்டுகளை நீட்டிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, கடைக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றாள்.