உரக்கப் படிக்கிற நோட்டரி

ஊரில் எத்தனையோ நோட்டரிகள். கண்ணை மூடிக்கொண்டு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற புண்ணியவான்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவள் போய் மாட்டிக்கொண்டது, கையெழுத்துக்கு முன்னால் கடிதத்தை வரிவரியாக உரக்கப் படித்துக் காட்டுகிற மனுஷரிடம். நேரம் கெட்டால் வேறென்ன நடக்கும்!

“படிச்சுக் காட்டாம நான் முத்திரை வைக்கிறதில்லைம்மா. என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியாதுன்னு ஒருத்தர் கோர்ட்ல சொல்லி, என்னை வருஷக்கணக்கா அலைய விட்டுட்டார்,” என்று கண்ணாடியைத் துடைத்தார் நோட்டரி.

பக்கத்து நாற்காலியில் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான் பஸ் டிரைவர். ஒரு காலத்தில் அவளுடைய புருஷன். விவாகரத்துக்குப் பிறகு மகள் இவளோடு இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவனோடு. அந்தப் பெண் அடிக்கிற கொட்டத்துக்கு இரண்டு வீட்டிலும் வைத்த பெயர் வாலு.

இவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வாலுவைக் கூட்டிப்போக வேண்டுமானால் தகப்பன் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். “ரெண்டு வருஷம்தான், திரும்பி வந்துடுவோம்” என்று அவனிடம் சொல்லிவைத்தாள். அப்பட்டமான பொய். அங்கேயே குடியேறுவதற்கான விசா அது. கடிதத்தில் ‘நிரந்தரமாக’ என்று இல்லாவிட்டால் தூதரகம் தூக்கிப் போட்டுவிடும். இருந்தாலோ, அவன் ஜென்மத்துக்கும் கையெழுத்துப் போடமாட்டான். அவசர அவசரமாகக் காகிதத்தை நீட்டினால் போட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்குத்தான் இப்போது கவிழப் பார்த்தது.

“நேரமாகுது சார். இவருக்கு டியூட்டி இருக்கு,” என்று சொல்லிப் பார்த்தாள்.

“சாயங்காலம்தான். நீங்க படிங்க சார்,” என்றான் அவன். பாவி மனுஷன்!

நோட்டரி ஆரம்பித்தார். பெயர், விலாசம், பாஸ்போர்ட் எண். ஒவ்வொன்றையும் அட்சரசுத்தமாக, ஆற அமர. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியும் அவளுக்கு முதுகெல்லாம் நனைந்தது. அடுத்த பத்தியில்தான் அந்த வரி. ஒரு போன் வரக்கூடாதா, கரன்ட் போகக்கூடாதா, இந்த மனுஷருக்கு ஒரு தும்மலாவது வரக்கூடாதா?

ஒன்றும் வரவில்லை. “…என் மகள் தன் தாயுடன் அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கு, தகப்பனாகிய நான் முழு மனதுடன்…”

“சார், ஒரு நிமிஷம்,” என்றான் அவன்.

போச்சு, எல்லாம் போச்சு. இனி இவன் எழுந்து கத்துவான், கோர்ட்டுக்குப் போவான், பொய் சொன்னவளிடம் பிள்ளை எதற்கு என்று கேட்பான். வேலை போனால் போகட்டும், வாலுவும் அல்லவா கையை விட்டுப் போய்விடுவாள்.

“அந்த வரியை இன்னொரு தடவை படிங்க.”

நோட்டரி படித்தார். அவன் மேஜையில் கிடந்த மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா?” என்று கேட்டார் நோட்டரி.

“இல்லை சார். பேனா கொடுங்க.”

கையெழுத்துப் போட்டான். பெருவிரல் ரேகையும் வைத்தான். முத்திரை விழுந்த சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வெளியே படிக்கட்டில், கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழறினாள். “உங்களுக்கு… முன்னாடியே தெரியுமா?”

“வாலு எப்பவோ சொல்லிட்டா. உன் பொண்ணு வாயில என்ன நிக்கும்?” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

“அப்புறம் எதுக்கு மறுபடி படிக்கச் சொன்னீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு.”

“முதல் தடவை கேட்டப்போ எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு. இன்னொரு தடவை கேட்டா தாங்குவேனான்னு பாத்தேன்.” விரலில் இருந்த மையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். “சீக்கிரம் டிக்கெட் போடு. நீங்க கிளம்புற வரைக்கும் அவளை என்கிட்ட அனுப்பாதே. அவ மூஞ்சியைப் பாத்தேன்னா, நானே ஓடி வந்து இதை ரத்து பண்ணிடுவேன்.”