கேள்வித்தாளுக்குள் ஓர் ஆஸ்பத்திரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுக்கு நர்ஸுகளைத் தயார் செய்யும் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மேலே நான் முலுகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். கீழே முப்பது பெண்கள் சரியான விடையை ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஒரு நாள் ஒரு குரல் மட்டும் அதில் சேராமல் வாத்தியாரிடம் வாதாடியது. "அப்படிச் செஞ்சா என் நோயாளி செத்துடுவாரு, உஸ்தாத்" என்றது. அந்தக் குரலுக்குத் தஹானி என்று பெயர் வைத்தேன்.

ஆரம்பத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கடலிலிருந்து காற்று வீசிய ஒரு மாலையில் தஹானி—" (எங்கள் ஊரில் அது என்றைக்குத்தான் வீசவில்லை? விடுங்கள்.)

"தஹானி இரண்டு முறை தோற்றவள். இன்னொரு முறை தோற்றால்—"

இது பரவாயில்லை. இன்னொரு முறை தோற்றால் ஒரு வருடத்துக்குத் தேர்வு எழுத முடியாது. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடம் இந்த மாதத்தோடு போய்விடும். அதே மஸ்கட்டில்தான் அவள் கணவன் ரம்ஸி நான்கு வருடமாக ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடுகிறான். அவர்கள் குடித்தனம் நடப்பதெல்லாம் கைபேசியில்.

2

தஹானிக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய் வார்டில் பதினேழு வருடம். அதுதான் கோளாறே.

கேள்வி இது: நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, டாக்டரை அழைப்பது, ஆறுதல் சொல்வது, குறிப்பேட்டில் எழுதுவது என்று நான்கு விடைகள்.

தஹானி டாக்டரை அழைத்தாள். பயிற்சியாளர் ஷவ்கி ஏன் என்று கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். எட்டுக் கட்டிலுக்கும் சேர்த்து, ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்றே ஒன்று. அது தலைமை நர்ஸின் மேசைக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி அவரோடு தேநீர் குடிக்கப் போயிருக்கும். டாக்டர் மூன்று மாடி இறங்கி வர இருபது நிமிடம். ஆகவே முதலில் அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் தலையணை தேட வேண்டும்.

"மிஸ், அது உங்க ஆஸ்பத்திரி" என்றார் ஷவ்கி. "இது கேள்வித்தாள்ல இருக்கிற ஆஸ்பத்திரி. இங்க கட்டில் தொட்டா எழும்பும். டாக்டரைக் கூப்பிட்டீங்கன்னா பொறுப்பைத் தட்டிக் கழிச்சீங்கன்னு அர்த்தம்."

"அப்ப நோயாளி?"

"நோயாளியைப் பார்க்காதீங்க. கேள்வி எழுதினவரைப் பாருங்க. நீங்க எதைத் தொடப் போறீங்கன்னு அவருக்குத்தான் இப்ப மூச்சு முட்டுது."

3

[ஷவ்கியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.]

முதல் பிரதியில் அவரை மோசடிக்காரராக எழுதினேன். கஷ்டப்படவே இல்லை. முன்பு பள்ளியில் பூகோளம் நடத்தியவர். ரத்தத்தைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார். உப்பில் ஊறிய துர்முஸ் பருப்பைத் தோல் உரித்துத் தின்றுகொண்டே மாரடைப்புப் பாடம் நடத்துவார். ஆனால் அவருடைய சூத்திரங்களை ஜன்னலோரம் நின்று நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசும் விடையை முதலில் தள்ளு.* 'பொருந்துவன எல்லாம்' என்று கேட்டால், ஒவ்வொரு வரியையும் தனிக் கேள்வியாக நினைத்து ஆம், இல்லை சொல். இரண்டு விடை நல்லதாகத் தெரிந்தால், எதில் உன் கை நோயாளி மேல் இருக்கிறதோ அதைப் போடு.

கடைசிச் சூத்திரத்தைக் கேட்டபோது கீரையைக் கீழே வைத்துவிட்டேன். கேள்வி எழுதியவரும் ஒரு காலத்தில் யாரையாவது தாங்கிப் பிடித்தவராக இருந்திருப்பாரோ? நக்கல் செய்ய உட்கார்ந்தவளுக்கு இப்படி ஒரு தொந்தரவு.

* வீட்டில் பரிசோதித்தேன். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று என் கணவர் ஆரம்பித்ததும், விடை தவறு என்று தெரிந்துவிட்டது.

4

தஹானி தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை டிராமில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கேள்வித்தாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். அங்கே கையுறைப் பெட்டி காலியாவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நோயாளி. அவரும் தன் நோயை வரிசையாகச் சொல்வார். உறவினர்கள் யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை.

இதை ரம்ஸியிடம் சொல்லி, அங்கே வேலை கிடைத்தால் மஸ்கட்டுக்கே வரமாட்டேன் என்றாளாம்.

"அங்க ரொட்டி சுட ஆளு வேணுமான்னு கேளுடி" என்றான் அவன். "நானும் வந்துடறேன்."

மூன்றாம் முறை எழுதினாள். மறுநாள் வார்டுக்குப் போனாள். அங்கே ஒரு பெரியவருக்கு மூச்சு முட்ட, "தஹானி நான்கு விடைகளையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள், அதற்குள்—"

இல்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்பதற்காக அந்தக் கைகளை நான் அவமதிக்கக் கூடாது. அவள் நிற்கவில்லை. பெரியவரின் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தன் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தினாள். துப்புரவுப் பெண்ணை மாடிக்கு விரட்டினாள். டாக்டர் வர இருபத்திரண்டு நிமிடமாயிற்று. பெரியவர் உயிரோடு இருந்தார். அந்த நான்கு விடைகளில் இது கிடையாது.

5

முடிவு ஒன்று: தேறிவிட்டாள். எழுதி முடித்ததும் அவள் விட்டுப்போகும் எட்டுக் கட்டில்களும் என்னையே பார்த்தன.

முடிவு இரண்டு: தோற்றுவிட்டாள். ரம்ஸிக்கு அவள் போன் செய்கிறாள், அவன்—

முடிவு மூன்று: அந்த மூச்சுத் திணறல் கேள்வியே தவறென்று வாரியம் அறிவித்து, எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தது. (எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை, பார்வையாளர் நேரம். தஹானி ஒரு பெண்ணின் மணிக்கட்டில், நாடி ஓடும் குழாயிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறாள். குத்திய இடத்தை ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், விட்டால் பீறிடும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. அவள் சட்டைப் பையில் கைபேசி அதிர்கிறது. முடிவு இன்று வருகிறதென்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கட்டிலருகே ஆரஞ்சுப் பையோடு நிற்பது நீங்கள்தான். கேட்காமலே உங்களை அங்கே நிறுத்திவிட்டேன், மன்னியுங்கள்.

தஹானி தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறாள்.

"என் கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. வலது பையில இருக்கு, எடுத்துப் படிங்க. அவசரமில்லை. இன்னும் மூணு நிமிஷத்துக்கு நான் எங்கயும் போக முடியாது."