கட்டைவிரலின் அவசரம்

சுழன்று நின்ற இயந்திரத்திலிருந்து குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ரத்தம் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளிந்திருக்க வேண்டும். தெளிந்திருந்த நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அணுக்கள் உடைந்திருக்கின்றன. இதைச் சோதித்தால் பொட்டாசியம் தாறுமாறாகக் காட்டும் என்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் சோதனை இயந்திரத்தில் வைத்தாள். ஐந்துக்குள் இருக்க வேண்டியது, ஆறு புள்ளி எட்டு என்று வந்தது.

குழாயில் ஒட்டியிருந்தது வாயாடியின் பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக இவளோடு ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவள். போன வாரம் தலைமைப் பொறுப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியலில் அடுத்த இடம் இவளுக்கு. நாளைக்குப் பொறுப்பேற்க வேண்டும். இன்று உடல்தகுதிச் சோதனை, வெறும் சம்பிரதாயம். காலையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், "சீக்கிரம் குத்துடி. கொசுகூட இதுக்குள்ள குடிச்சிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும்" என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சிரிஞ்சிலிருந்த ரத்தத்தைக் குழாய்க்குள் தள்ளினாள். ஊசியைக் கழற்றாமல், கட்டைவிரலால் ஒரே அழுத்தாக. அப்படித் தள்ளினால் அணுக்கள் உடையும்.

ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேருக்கு எடுக்கிற கை. வீறிட்டு அழுகிற குழந்தைகளுக்கு, நரம்பே தட்டுப்படாத கிழவர்களுக்கு எடுத்த கை. இன்றைக்கு என்ன அவசரம் வந்தது அதற்கு?

திரையில் எண் சிவப்பாக நின்றது. கீழே 'ஒப்புதல்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் போதும். டாக்டர் பார்ப்பார், சிறுநீரகமோ இதயமோ என்று சந்தேகப்படுவார், மேல்சோதனைக்கு எழுதுவார். அதற்குள் நாளைய தினம் கடந்துவிடும். பொய் சொன்னதாகவும் ஆகாது, சொன்னது இயந்திரம். இப்படி ஒரு தடங்கலுமில்லாமல் யோசித்துக்கொண்டு போனவளுக்கு, அந்த எண்ணைப் பார்த்த கணத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இனித்ததும் நினைவு வந்தது. பாம்பை மிதித்தவள்போலக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கான கண்ணாடி அறைக்குத்தான் ஆசைப்பட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். ராத்திரி வேலை கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடலாம். நியாயமான ஆசைதானே. இப்போது அந்த அறையை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தால் அதில் தன்னைக் காணோம். நாற்காலி காலியாகக் கிடந்தது. தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்குக் கிடைக்காமல் போனால் போதும் என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. எப்போது நுழைந்தது? அவள் புருஷன் வாசலில் வண்டியோடு காத்திருந்ததைப் பார்த்த அன்றைக்கா? அவளுக்கு மட்டும் எதற்கெடுத்தாலும் எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எரிந்த அன்றைக்கா? சத்தமில்லாமல் கட்டைவிரல்வரை வந்துவிட்டது. அடுத்து எங்கே போகும்?

கதவு தட்டப்பட்டது. தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி, என் ரத்தத்துல புதையலா தேடுற? அங்க டாக்டர் கேட்டுட்டே இருக்காரு."

பொத்தானை நோக்கிக் கை போனது. போன கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள வா. இதைப் பாரு."

வாயாடி குழாயை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு எண்ணைப் பார்த்தாள்.

"இந்தச் சாம்பிளை ஏண்டி மெஷின்ல வச்ச?"

கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நம்புவாள்.

"ஊசியோட வேகமாத் தள்ளிட்டேன். கலர் மாறினது தெரிஞ்சும் வச்சேன். தள்ளினது வேணும்னே செஞ்சதான்னு எனக்கே தெரியல. பயமா இருக்குடி."

வாயாடி பேசாமல் நின்று இவள் பார்த்ததே இல்லை.

இவள் திரும்பி 'நிராகரி'யை அழுத்தினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'எடுத்தவரின் தவறு' என்று அடித்து, தன் பெயரைப் போட்டாள். "வேற யாரையாவது கூப்பிடுறேன். அவங்க எடுக்கட்டும்."

நாற்காலி தரையில் உராய்ந்தது. வாயாடி உட்கார்ந்து, இன்னொரு கையை மேஜைமேல் நீட்டினாள்.

"நீயே எடு."

இவள் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தடவினாள். ஊசியின் மூடியைக் கழற்றினாள். வாயாடி ஊசியைப் பார்க்கவில்லை. கண் இமைக்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.