ஜிபி சார் தேர்ந்தெடுத்த மழை

மென்பொருளில் பிழை இருந்தால் மற்றவர்கள் மென்பொருளைத் திருத்துவார்கள். எங்கள் டீம் லீடர் ஜிபி சார் மழையைத் திருத்தினார்.

ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காக எங்கள் கம்பெனி எழுதியது மழை எச்சரிக்கை மென்பொருள். இருபத்துநாலு மணி நேரத்தில் மழை நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால், மண் சரியும் முன்பே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சைரன் அடிக்க வேண்டும். மலைச்சரிவுக்கு நேர் கீழே இருக்கும் அந்த லயத்தில் மூன்றாவது வீடு எங்களுடையது. சோதித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. அதைச் சம்பளத்துக்காக மட்டும் நான் செய்யவில்லை.

சோதனைக்கு நிஜ மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. கணினியே ராண்டமாக, அதாவது இஷ்டத்துக்கு, எண்களைப் போட்டு ஒரு பொய் மழையை உண்டாக்கும். அதற்கு நாம் ஒரு தொடக்க எண் கொடுக்கலாம்; அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே மழை அச்சு அசலாகத் திரும்ப வரும். தினமும் புதுப்புது எண்ணில் ஓட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தேன். 318-இல் சைரன் அடிக்கவில்லை. மறுபடி 318 கொடுத்தேன், மறுபடியும் ஊமை. தோண்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது: மழைமானி தினமும் காலை எட்டரைக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதுவரை பெய்ததை எங்கள் மென்பொருளும் சேர்ந்து மறந்துவிடுகிறது.

ஜிபி சாரிடம் சொன்னேன்.

"ராண்டம்னா சில சமயம் ஃபெயிலாகத்தான் செய்யும் இன்பமேரி. ஒரே நம்பரை ஃபிக்ஸ் பண்ணிடு," என்றார். அவரே உட்கார்ந்து தொடக்க எண்ணாகத் தன் கார் நம்பரைப் போட்டார். சோதனை பாஸ் என்று பச்சை விழுந்தது. அதையே நிரந்தரமாக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். கேள்வித்தாளை முன்கூட்டியே வாங்கிப் பரீட்சை எழுதுகிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

ஒப்படைக்கும் நாளில் எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் இருந்தார். லயத்தின் சார்பில் முதல் வீட்டு முத்துப்பேச்சி அக்கா வந்திருந்தார். ஜிபி சார் சோதனையைப் பத்து முறை ஓட்டிக் காட்டினார். பத்தும் பச்சை. ஒரே மழையைத்தான் பத்து முறை பெய்ய வைத்தோம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்து 318 என்று அடித்தேன்.

திரையில் மழை நூற்றெண்பதைத் தொட்டது. சைரன் அடிக்கவில்லை. மறுபடி ஓட்டினேன். அடிக்கவில்லை.

"இது அபூர்வமான கேஸ்," என்று மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார் ஜிபி சார். "எட்டரைக்கு முன்னாடியும் பின்னாடியும் விடாம கொட்டினாத்தான் இப்படி ஆகும். எப்பவாவது ஒரு தடவை."

முத்துப்பேச்சி அக்கா கேட்டார்: "எட்டரைக்கு நாங்கள்லாம் கொழுந்து எடுக்க மேல போயிருப்போம் சார். வீட்டுல இருக்கறது கைப்பிள்ளைங்களும் வயசானவங்களும்தான். அந்த ஒரு தடவைக்கு யார விட்டுக் குடுக்கணும்ங்கிறீங்க?"

மேனேஜர் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

பிழையைத் திருத்த எனக்கு அன்று மதியம் முக்கால் மணி நேரம் ஆனது.