எட்டிப் பார்த்த எழுபத்தொரு பேர்

நூலகத்தின் மூன்றாம் மாடியில் அவருக்குப் பெயர் அட்டைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. உலகத்துப் பழங்கதைகளையெல்லாம் அட்டைகளில் பதிந்து, எந்தக் கதை எந்தக் கதைக்கு உறவு என்று கண்டுபிடித்து, உறவுக்காரக் கதைகளை ஒரே இழுப்பறையில் அடுக்கி வைப்பது அவர் வேலை. கடல் நடுவில் ஒரு தீவில் சொன்ன கதையும், கடலையே பார்க்காத மணல்காட்டில் சொன்ன கதையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போவதைக் கண்டுவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக இதே பித்து.

அந்த வியாழக்கிழமை மட்டும் அவருக்கு வேலை ஓடவில்லை. வீட்டில் அவருடைய பதினாறு வயது மகள் மூன்று நாளாக அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை. கதவுக்கு வெளியே வைக்கிற தட்டு, தின்றும் தின்னாமலும் திரும்பி வந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு எழுந்து குளிக்கிறாள் போலிருக்கிறது, சாயங்காலம் கொடியில் ஈரத்துண்டு கிடக்கும். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் அவர் மூச்சு விடுவார்.

கதவைத் திறந்து பார்த்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதுவும் நடந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் அம்மா, மாற்றலில் இருந்த ஊரிலிருந்து லீவில் வந்தவள், ஸ்குரூ டிரைவரால் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனாள். பெண் தலையில் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு அலறியது. மறுநாள் காலையில் ஆளைக் காணவில்லை. இரண்டு நாள் தேடி, பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வருவதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் கூப்பிடாம யாரும் உள்ள வரக்கூடாது. எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பார்த்தீங்க, அப்புறம் தேடினாலும் கிடைக்க மாட்டேன்."

அட்டைக்காரர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார். புதுத் தாழ்ப்பாளையும் அவரே முடுக்கினார்.

அவருக்கு இது புதிதா என்ன! பதினான்காம் இழுப்பறை முழுக்க இதே கதைதான். குளிக்கும்போது பார்க்காதே என்கிறாள் ஒருத்தி. நெய்யும்போது வராதே என்கிறாள் இன்னொருத்தி. அமாவாசையன்று அறைப்பக்கமே எட்டிப் பார்க்காதே என்கிறாள் வேறொருத்தி. புருஷனும் தலையை ஆட்டுகிறான். பிறகு ஒரு நாள் சாவித்துவாரத்தில் கண்ணை வைக்கிறான். அவ்வளவுதான், அவள் மீனாகவோ பாம்பாகவோ பறவையாகவோ போய்விடுகிறாள். பனிநாடோ வெயில்நாடோ, மொத்தம் எழுபத்தொரு அட்டை. எட்டிப் பார்த்த எழுபத்தொரு பேரில் ஒருத்தனுக்காவது போனவள் திரும்பி வந்திருக்க வேண்டுமே? கிடையாது.

இதற்கெல்லாம் ஒரே பொருள்தான், அவள் மேல் நம்பிக்கை வை என்பதுதான் என்று இவர் கட்டுரையே எழுதியிருந்தார். ஊருக்கெல்லாம் பொருள் சொன்னவர் தன் வீட்டில் தப்புவாரா? கதவைத் தட்டினால்கூடச் சத்தியம் பழுதுபடும் என்று பயந்து, தட்டை வைத்துவிட்டுப் பூனை மாதிரி நகர்ந்துவிடுவார். மூன்று நாளில் மகளிடம் அவர் பேசியது மொத்தமே "சாப்பாடு வச்சிருக்கேன்" என்ற இரண்டே வார்த்தை.

பதினோரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, வெளிய வந்தாளா?"

"இன்னும் இல்ல."

"நீங்க என்னதான் பண்றீங்க அங்க?"

"வாக்குக் குடுத்திருக்கேன்ல. போன தடவை நீ உடைச்சதுலதான ஓடிப்போனா?"

"சரி, நான் உடைச்சேன், தப்புதான். நீங்க காவல் காக்கிறீங்களே, உள்ள அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? வாக்கை வச்சு என்ன பண்றது? நான் ராத்திரி வண்டியைப் பிடிச்சு வர்றேன். அதுவரைக்குமாவது ஏதாவது பண்ணுங்க."

உள்ளே போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மொழிபெயர்ப்பாளர் அம்மாள் வந்து நின்றார். வேற்றுமொழிக் கதைகளைப் பெயர்த்துத் தருகிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"சார், உங்க பதினாலுக்கு இன்னொண்ணு கிடைச்சிருக்கு. மலைநாட்டுக் கதை. உப்பு வியாபாரியோட பொண்டாட்டி, மாசம் மூணு நாள் கதவைச் சாத்திக்குவா. அவன் எட்டிப் பார்த்தான், அவ உப்பாக் கரைஞ்சு போயிட்டா."

"குடுங்க."

"எழுதிட்டேன். ஆனா உங்க அட்டையில ஒண்ணு இடிக்குது. தடை என்ன, போட்டது யாரு, மீறினது யாரு, இழந்தது என்ன, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. உள்ள அவளுக்கு என்ன கஷ்டம்னு எழுத இடமே இல்லையே?"

"அது எதுக்கு?"

"எதுக்கா? மூணு நாளும் அவளுக்கு உடம்பெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது சார். கதையிலயே இருக்கு. அந்தத் தடியன் வெளிய நிக்கிறான். ஒண்ணு வாயை மூடிக்கிட்டு நிக்கிறான், இல்லாட்டி திருட்டுத்தனமா பார்க்கிறான். 'ஏம்மா, என்ன பண்ணுது உனக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டா அவன் குடி முழுகிடுமா?"

அம்மாள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அட்டைக்காரர் பதினான்காம் இழுப்பறையை உருவி மேசையில் கவிழ்த்தார். அட்டைகளை விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மூலக்கதைக் கட்டுகளை இறக்கிப் பிரித்தார். ஒருத்தி அறைக்குள் எரிந்துகொண்டிருந்தாள். ஒருத்தி தன்னந்தனியே பிரசவித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் வலியை மறைக்கத்தான் கதவைச் சாத்தியிருந்தார்கள். எத்தனையோ தேசம், எத்தனையோ பாஷை. கட்டு கட்டாகப் புரட்டியும் கதவைத் தட்டிக் கேட்ட ஒருவன்கூட அகப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் இதையெல்லாம் படித்தும் அது தன் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயமாக இருந்தது.

லீவுச் சீட்டைக்கூட எழுதாமல் ஓடினார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவகாசமாக நின்றது. காலையில் அறைக்குள் சத்தம் கேட்டதா? இருமினாளே, அது இன்றைக்கா நேற்றைக்கா? அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கொடியைத்தான் பார்த்தார். இன்று துண்டு இல்லை.

கதவு முன்னால் போய் நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

இன்னொரு முறை தட்டினார்.

"வராதப்பா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்த ஒரு சொல்லுக்கே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இருக்கிறாள், பிள்ளை இருக்கிறாள்.

"வரலம்மா. பார்க்கவும் மாட்டேன். இங்கயே தரையில உட்கார்ந்திருக்கேன். கேட்கத்தான் வந்தேன். உனக்கு என்னம்மா பண்ணுது?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி முடித்து, குழாயையும் மூடிவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்பா... என் முடியை நானே பிடுங்கிக்கிறேன். ஒவ்வொண்ணா. வேணாம்னுதான் நினைக்கிறேன், கை தானாப் போகுது. நிறுத்தவே முடியல." குரல் இப்போது கதவுக்கு வெகு அருகில் இருந்தது. அவளும் அந்தப் பக்கம் தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். "அம்மா பார்த்திருந்தா கத்தியிருப்பாங்க. நீ பார்த்தா என்னைப் பிடிக்காமப் போயிடும்."

இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல அவர் படித்த கதைகளில் ஒன்றும் உதவவில்லை.

"வலிக்குதாம்மா?" என்றார்.

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவரும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அழுகை அடங்கி, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு, அதன் பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஜன்னல் திரைகளெல்லாம் இழுத்து மூடி, பகலிலேயே இருட்டாக இருந்தது.

"உள்ள வராத. கண்ணை மூடிக்க. கையை மட்டும் குடு."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். சின்ன, ஜில்லிட்ட விரல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. அவளே அதைத் தன் தலைமேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் உள்ளங்கைக்குக் கீழே ஒரு முடிகூட இல்லை. அவர் கையை எடுக்கவில்லை.